டிக்கெட் வாங்கி நெய்த சேலை

உப்புக்காற்று பட்ட பட்டுநூல் விரலில் ஒட்டும். ஆரணியில் தொட்டால் வழுக்கிக்கொண்டு ஓடுகிற அதே நூல், கடற்கரையில் வியர்த்த குழந்தையின் கன்னம் மாதிரி தொட்ட இடத்திலேயே நின்றுவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறை முழுவதும் அந்தப் பிசுபிசுப்போடுதான் நான் "தார்" சுற்றினேன். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழல்தான் தார். ராட்டையைச் சுழற்றி அதில் நூலை ஏற்றுவது எங்கள் வீடுகளில் பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகளின் வேலை. எனக்கு அப்போது பதினோரு வயது. நான் ராட்டை சுற்றிய இடத்துக்குப் பின்னால் கடல் இருந்தது. முன்னால், கயிறு கட்டித் தடுத்த வரிசையில், என்னை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நின்றார்கள்.

சென்னைக்குத் தெற்கே கடலோரச் சாலை அகலமாகிக்கொண்டிருந்த காலம் அது. சவுக்குத் தோப்பு வெட்டப்பட்ட இடங்களிலெல்லாம் "விரைவில்" என்று ஒரு பலகை நின்றது. என்ன விரைவில் என்று பல பலகைகளில் எழுதியிருக்காது. நாங்கள் போன விடுதியின் வாசலில் சிமெண்ட் டால்பின் ஒன்று வாயால் தண்ணீர் துப்பியது. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், செயற்கையாக அலை அடிக்கும் குளம் ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ ஓர் ஒட்டகத்தைக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். அது ஓயாமல் தும்மியது. மீனவர் குப்பத்துக்குப் போகும் பாதையை முள்கம்பி போட்டு அடைத்துவிட்டு, உள்ளே மீனவர் குடிசை மாதிரி ஒன்றைக் கட்டி வண்ணம் பூசியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் "கிராமியக் குடில்". அதில் ஒரு குயவர், ஒரு கிளி ஜோசியர், நாங்கள்.

எங்களைக் கூப்பிட விடுதியின் மேனேஜரே, ஆரணிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான சேவூருக்கு வந்திருந்தார். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கலர் குடித்துக்கொண்டே அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் வரி மாறாமல் நினைவிருக்கிறது.

"தறி நாங்க போட்டுத் தர்றோம். தங்க ரூம், மூணு வேளை சாப்பாடு, கூலி. நீங்க எப்பவும் போல நெய்யுங்க, அது போதும்."

"நெய்யற சேலை யாருதுங்க?" என்று அப்பா கேட்டார்.

"உங்க நூல், உங்க சேலை. எங்களுக்குத் தறி ஆடினா சரி."

வசந்தி அக்காவுக்குக் களம்பூரில் மாப்பிள்ளை பார்த்து, ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. நெசவாளி வீட்டில் மகளுடைய முகூர்த்தச் சேலையைக் கடையில் வாங்குவதில்லை. பெற்றவர்கள் கையால் நெய்துதான் உடுத்துவார்கள். அக்காவின் சேலைக்கு அம்மா மாம்பழ மஞ்சளும் அரக்குக் கரையுமாக நூலுக்குச் சாயம் போட்டு வைத்திருந்தாள். அதையே கடற்கரைத் தறியில் ஏற்றிவிடலாம் என்பது அவளுடைய யோசனை.

"கல்யாணச் சேலைய நாலு பேர் கண்ணு பட நெய்வாங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"இங்க நெய்ஞ்சா நான் சோறாக்கணும். அங்க நெய்ஞ்சா அவன் ஆக்கிப் போடறான். கண்ணு பட்டா பட்டுட்டுப் போவுது," என்றாள் அம்மா.

எங்களுடையது குழித்தறி. நெய்பவர் காலை உள்ளே விட்டு மிதிப்பதற்குத் தரையில் பள்ளம் வேண்டும். மணலில் பள்ளம் நிற்காது என்று சிமெண்ட் தொட்டி இறக்கியிருந்தார்கள். முதல் நாள் காலை அப்பா காலை விட்டவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"நண்டு ஒண்ணு மிதிக்கட்டை மேல உக்காந்துகினு இருக்குது. அதுக்கும் கூலி உண்டான்னு கேட்டுக்கினு வா," என்றார் என்னிடம்.

அப்படிச் சிரித்துக்கொண்டுதான் அந்தக் கோடை தொடங்கியது. அக்கா கரைநூல் எடுத்துக் கொடுப்பாள், அப்பாவும் அம்மாவும் மாறி மாறித் தறியில் உட்காருவார்கள், மஞ்சள் பட்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. பார்க்க வந்தவர்கள் "ஒரு புடவைக்கு எத்தனை புழு சாகும்?" என்று கேட்பார்கள். "அதுங்க கிட்டயே கேட்டாதான் தெரியும்," என்பாள் அம்மா.

அமாவாசை வந்தது. அமாவாசையன்று எங்கள் ஊர்களில் தறி ஆடாது. தறிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, அன்றைக்கு அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். மேனேஜரிடம் முதல் நாளே சொல்லியாயிற்று; அவரும் தலையாட்டினார். நாங்கள் நான்கு பேரும் கடலில் தலை முழுகி, பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினோம். குடிலுக்கு முன்னால் வழக்கத்தைவிட நீளமான வரிசை. ஒரு புதுப் பலகை: "நீங்களே பட்டு நெய்து பாருங்கள்". தறியில், அம்மா காலையில் வைத்த குங்குமத்துக்கு நேர் கீழே, செருப்புக் காலைப் பள்ளத்துக்குள் விட்டு உட்கார்ந்து யாரோ ஒருவர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி போட்டோ எடுத்தார். வாசலில் ஒரு பையன் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தான்.

விருந்தினர்கள் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அவர்களுக்குத் தெரியாது. மேனேஜருக்குத் தெரியும்.

"சார், அது எங்க பொண்ணு கல்யாணச் சேலைங்க," என்றார் அப்பா.

"பெரியவரே, சும்மா கெடந்த தறிதானே? ஜனங்க சந்தோஷப்படறாங்க. அலைக்குளம் திறக்கற வரைக்கும் இதுதான் நமக்குப் பெரிய அட்ராக்ஷன். தினம் சாயந்தரம் நடக்கட்டும்."

அன்றிலிருந்து பகலில் நாங்கள் நெய்வதும், மாலையில் ஊரார் நெய்வதும் என்றாகிவிட்டது. கூட்டம் கலைந்த பிறகு அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, அவர்கள் நெய்ததை இழை இழையாகப் பிரித்தெடுப்பாள். தளரத் தளர அடித்த இழைகள், மிதி தவறிப்போய் மேலே தொங்கும் நூல்கள், நீளவாக்கில் ஓடும் பாவில் அறுந்துபோன நூல்கள். பட்டு ஒரு முறை பிரித்தால் பொறுக்கும். அதே இடத்தை மறுபடி மறுபடி பிரித்தால் நூல் நொந்துபோகும். சேலை வளர்வது நின்றது. அக்கா அறுந்த நூல்களுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே இருப்பாள்.

பிறகு முதலாளியம்மா வந்தார். விடுதி முதலாளியின் மனைவி. அலைக்குளத்தின் திறப்பு விழா ஏற்பாடுகளைப் பார்க்க வந்தவர், தறியிலிருந்த மஞ்சளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இந்தக் கலர் நல்லா இருக்கே. திறப்பு விழாவுக்கு நான் இதைக் கட்டிக்கறேன்."

அம்மா எழுந்து நின்று, மகளின் கல்யாணச் சேலை என்று சொன்னாள். முதலாளியம்மா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அம்மாவைப் பார்க்காமலே சொன்னார்: "நம்ம எடத்துல, நம்ம தறியில, நம்ம கூலி வாங்கிட்டு நெய்யறது மேடம். நம்ம சேலைதான்."

சேவூரில் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதே வாய். அப்பா தரையைப் பார்த்தார். அக்கா எழுந்து குடிலுக்குப் பின்னால் போனாள். அம்மா முகத்தில் எதுவுமே தெரியவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

அன்று மாலை அம்மா பிரிக்கவில்லை.

சேலையை உள்தலைப்பில் தொடங்கி முந்தானையில் முடிப்பது எங்கள் வழக்கம். ஆகவே தறியில் இப்போது ஏறிக்கொண்டிருப்பது உடம்பில் எந்த இடத்துக்கு வரும் என்று நெய்கிறவருக்குத் தெரியும். கொசுவம் முடிந்திருந்தது. அடுத்து வருவது இடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் போகிற பாகம். மறுநாளிலிருந்து அம்மா பகலிலும் தறியில் உட்காரவில்லை. வாசலில் நின்று கூட்டத்தை அழைத்தாள்.

"வாங்க, வாங்க. நீயும் வா கண்ணு. இப்பிடி கயித்தப் புடிச்சி இழு. மெதுவா அடிச்சா போதும், பட்டுக்கு வலிக்கும். போடு, இன்னும் போடு."

மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா, உங்களுக்கே பழகிடுச்சு," என்றார்.

"ஜனங்க சந்தோஷந்தானே சார்," என்றாள் அம்மா.

அந்தப் பாகம் முழுவதும் ஊர் ஊராக வந்தவர்களின் கையாலேயே வளர்ந்தது. நொந்த பாவில் தளர்ந்த இழை. அறுந்த நூல்களுக்கு அம்மா முடிச்சுப் போடவில்லை. பக்கத்து நூலோடு சேர்த்துத் தடவி விட்டாள். அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை அவரே கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். அம்மா கஞ்சியைத் துணியில் தொட்டுத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்தாள். தளர்வெல்லாம் மறைந்து பட்டு கண்ணாடி மாதிரி நின்றது.

முந்தானைக்கு வந்ததும் மேனேஜரைக் கூப்பிட்டாள். "இனிமே ஜரிகை ஏறுதுங்க. யாரும் கை வெக்கக் கூடாது. முதலாளியம்மா சேல." பலகை அந்த நிமிடமே கழற்றப்பட்டது. எங்கள் அக்காவின் கல்யாணச் சேலைக்குக் கிடைக்காத மரியாதை அது. அந்த முந்தானையை அம்மாவும் அப்பாவும் நெய்தார்கள். அதைவிட நெருக்கமான நெசவை நான் பார்த்ததில்லை.

திறப்பு விழா மாலையில், மணலில் மேடை போட்டு நடந்தது. முதலாளியம்மா மஞ்சள் பட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேச்சாளர்கள் கடற்கரையின் வளர்ச்சியைப் பற்றி நீளமாகப் பேசினார்கள். ஈரக்காற்றில் கஞ்சி இளகியிருக்கும். குளத்தில் அலையைக் கிளப்பும் பொத்தானை அழுத்த அவரை அழைத்தார்கள். அவர் எழுந்தார்.

கிழிந்த சத்தம் பெரிதல்ல. மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. பின்பக்கம் பட்டு குறுக்கே விலகி, அடியில் கட்டியிருந்த பாவாடை தெரிந்தது. பிடித்து இழுக்க இழுக்க இன்னும் விலகியது. யாருக்கோ போர்த்துவதற்காகத் தட்டில் வைத்திருந்த பொன்னாடையை மேனேஜர் ஓடிவந்து எடுத்து நீட்ட, முதலாளியம்மா அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். பொத்தானை வேறு யாரோ அழுத்தினார்கள். அலை வந்தது, யாரும் பார்க்கவில்லை.

நேராகக் குடிலுக்கு வந்தார்கள். மேனேஜர் முதல்முறையாக எங்களை ஒருமையில் பேசினார். "என்ன நெசவு நெய்ஞ்ச நீ?"

"முந்தானை கிழிஞ்சிதா பாருங்க," என்றாள் அம்மா நிதானமாக. "அது எங்க கை. கிழிஞ்ச எடம் உங்க கெஸ்டுங்க நெய்ஞ்சது. நீங்கதானே டிக்கெட் போட்டு உள்ள உட்டீங்க. வேணாம்னு அன்னிக்கே சொன்னோமே."

முதலாளியம்மா பொன்னாடையைப் பிடித்தபடி மேனேஜர் பக்கம் திரும்பினார். "டிக்கெட் போட்டு யார் யாரோ நெய்ஞ்ச துணியையா எனக்குக் கட்டிக்கக் குடுத்தே?"

மேனேஜரின் வேலை அந்த சீசனைத் தாண்டவில்லை என்று கிளி ஜோசியர் பின்னால் சொல்லி அனுப்பினார். எங்களை அன்றே வெளியே அனுப்பினார்கள். பஸ்ஸில் அப்பா, "அந்தம்மா பாவம் இல்லியா?" என்றார்.

"பாவம்னா அந்த ஒட்டகந்தான்," என்றாள் அம்மா.

ஆனால் கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். ஆவணிக்குள் இன்னொரு முகூர்த்தச் சேலைக்கு நூல் வாங்கப் பணமும் இல்லை, கூலி நெசவை விட்டுவிட்டு நெய்ய நாளும் இல்லை. ஆரணிக் கடைத்தெருவில், வேறு யாரோ நெய்த சேலையை வாங்கித்தான் அக்காவுக்குக் கட்டினோம். கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையின் அத்தை கரையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நெசவுக்காரங்க வூட்ல கடச் சேலையா? நல்லா இருக்குது கத," என்றார். எதற்கும் பதில் வைத்திருக்கிற என் அம்மா அன்று பதில் சொல்லவில்லை. பந்திக்கு இலை போடப் போய்விட்டாள்.

அந்த மௌனத்துக்குக் காரணமான விடுதியை நான் மன்னிக்கவில்லை. பின்னாளில் பத்திரிகை வேலைக்கு வந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்களில் அந்தக் கடலோரம் எனக்குச் செய்திக் களமாயிற்று. புதுப்புது விடுதிகள், நீர்ச் சறுக்குகள், கயிற்று ஏணிகள் எல்லாம் வந்தன. பக்கத்தில் எங்கோ கற்களைக் கொட்டிக் கடலைத் தடுத்ததில் அலை திசை மாறி, எங்கள் பழைய விடுதியின் கரையை அரிக்கத் தொடங்கியது. முதலில் கிராமியக் குடில் போனது. பிறகு அலைக்குளத்தின் சுவர். கடைசியில் டால்பின். அதைப் போய்ப் பார்த்து நான்தான் செய்தி எழுதினேன். எங்கள் செய்தி ஆசிரியர் ஓர் அடைமொழியைக்கூட வெட்டவில்லை. வெட்டுவதற்கு அதில் எதுவும் இல்லை; இடிந்தவற்றின் பெயர்களை வரிசையாக எழுதியிருந்தேன், அதுவே எனக்குப் போதுமான இனிப்பாக இருந்தது. குப்பத்துப் பாதையின் முள்கம்பியும் மணலோடு போயிருந்தது என்பதைக் கடைசி வரியில் சேர்த்தேன்.

அப்பா இல்லை. அம்மாவும் போய்விட்டாள். வசந்தி அக்கா இப்போது சேவூரில் எங்கள் பழைய வீட்டில்தான் தறி போட்டிருக்கிறாள். போன மாதம் நான் அங்கே இருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. அதே கடலோரத்தில் புதிதாக வரும் விடுதியிலிருந்து ஓர் இளைஞர். மரியாதையானவர், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். விருந்தினர் கண் முன்னால் நெய்கிற லைவ் வீவிங் வைக்கப்போகிறார்களாம், ஒரு நெசவுக் குடும்பம் வேண்டுமாம்.

அக்கா டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "வர்றவங்கள நெய்ய உடுவீங்களா?"

"ஆமாம்மா. அதுதான் ஹைலைட்டே."

"எங்கம்மா இருந்திருந்தா ஒடனே கெளம்பி வந்திருப்பாங்க தம்பி."

"அச்சச்சோ. அவங்க இப்ப இல்லீங்களா?"

"இல்ல," என்றாள் அக்கா. "நீங்க குடுத்து வெச்சவங்க. டீயக் குடிங்க, ஆறுது."