கருங்கல் ஓமனாவின் வானவழி

கடைத் தராசிலிருந்து ஏத்தங்காய் வாழைக்குலையை இறக்கிவிட்டுத் தன் பயணப்பையைத் தூக்கி வைக்கிறார் ஓமனா அக்கா. ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்டுகிறது. பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்துத் தோளில் போடுகிறார். மறுபடி எடை. மிளகாய்ப்பொடிப் பொட்டலம் ஒன்று சுடிதாரின் உள்பைக்குள் போகிறது. எண் ஏழில் வந்து நின்றதும் தராசை ஒரு தட்டுத் தட்டி, வாசலில் நிற்கும் என்னிடம், “சாரே, பிளேனுக்காரனுக்குப் பைக்குத்தான் கணக்கு. எனக்க தடிக்கு அவன் கணக்கு வெச்சிருந்தா நான் பண்டே மாட்டியிருப்பேன், கேட்டியளா” என்கிறார்.

கருங்கல் சந்தைக்குப் போகும் வழியில் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார். வயது அறுபதை நெருங்குகிறது. கணவர் கிருஷ்ணமணி இருந்த காலத்தில் அக்கா திருச்செந்தூரைத் தாண்டியதில்லை. இப்போது மகள் அஞ்சு கோலாலம்பூரில் இருக்கிறாள். மகன் சுஜின் தாய்லாந்தின் புக்கெட்டில் ஓர் ஓட்டல் சமையற்கட்டில் வேலை செய்கிறான். வருடத்தில் இரண்டு தடவை அக்கா திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி மகள் வீட்டுக்குப் போவார். அங்கிருந்து மகன் வீட்டுக்கு ஒரு பறப்பு, திரும்ப மகள் வீட்டுக்கு ஒரு பறப்பு. மார்த்தாண்டத்துக்குத் துணி எடுக்கப் போய் வந்ததைச் சொல்வதுபோல இதைச் சொல்வார்.

அந்தப் பக்கத்து நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, ஒருவர் விமானம் இன்னொருவர் ஊருக்குத் தாராளமாகப் பறக்கலாம் என்று வழி திறந்துவிட்டதைப் பற்றி நான் படித்த கட்டுரை நீளமானது. அக்காவுக்கு அது தேவைப்படவில்லை. “நம்ம ரூட்டுல முன்ன ஒத்த வண்டி ஓடிச்சு. அவன் சொன்னதுதான் ரேட்டு. பெறவு நாலு பேருக்குப் பெர்மிட்டு குடுத்தான். இப்பம் வண்டிக்காரன் நம்மள கைகாட்டி விளிக்கான். அங்கயும் அதுதான்” என்று முடித்துவிட்டார்.

மலிவுக் கட்டண விமானத்தில் தண்ணீருக்கும் காசு, ஜன்னலோர இருக்கைக்கும் காசு. அக்கா எதற்கும் கொடுப்பதில்லை. எந்த நடு இருக்கையில் போட்டாலும் ஜன்னலோரத்தில் இருப்பவரிடம் ஒரு பொட்டலம் ஏத்தங்காய் சிப்ஸை நீட்டுவார். மொழி தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது வாய்க்குள் இடம் மாறிவிடும். விமானம் தரையை விட்டு எழும்போது வாய்விட்டுச் சிரிப்பார். அடிவயிற்றில் ஒரு கூச்சம் வருகிறதாம், அதை அடக்குவது பாவமாம். பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒரு சீனக் கிழவர் இந்தச் சிரிப்பைக் கேட்டுத் தானும் சிரித்து, இறங்கும்வரை நிறுத்தவில்லை என்று அக்கா சொன்னார்.

இத்தனை குதூகலத்துக்கு நடுவே ஒரு முள்ளும் இருந்தது. அஞ்சுவும் சுஜினும் பேசிக்கொள்வதில்லை.

கிருஷ்ணமணி இறந்தபோது சுஜின் வரவில்லை. கொரோனா அடங்கி விமானங்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாகப் பறக்கத் தொடங்கியிருந்தன. ஓட்டல் மூடிக் கிடந்ததால் அவனுக்குச் சம்பளமும் இல்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்று போனில் அழுதான். சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். மனசிருந்தால் வந்திருப்பான் என்று அன்றைக்குச் சொன்ன அஞ்சு, பிறகு அண்ணன் பெயரையே எடுக்கவில்லை. தன் கல்யாணத்துக்கும் அவனைக் கூப்பிடவில்லை. கல்யாணம் முடிந்து கணவன் அனில்குமாரோடு அவள் கோலாலம்பூருக்குப் போனபின் அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே ஒன்றரை மணி நேர வானம்தான் இருந்தது. அதை அக்கா மட்டுமே கடந்துகொண்டிருந்தார்.

போன வருடம் அஞ்சுவின் வீட்டில் இருந்தபோது மலிவு விற்பனை அறிவிப்பு ஒன்று போனில் வந்தது. புக்கெட்டுக்கு ஒரு சுடிதார்த் துணியின் விலைதான். அக்கா தானே டிக்கெட் போட உட்கார்ந்தார். எத்தனை பேர் என்று கேட்ட இடத்தில் விரல் இரண்டு தடவை பட்டுவிட்டதாம். அது இரண்டாவது ஆளின் பெயரைக் கேட்டதாம். பெயர் போடாவிட்டால் மேலே நகரமாட்டேன் என்று நின்றதாம். வேறு வழியில்லாமல் அஞ்சுவின் பெயரைப் போட்டாராம். பாஸ்போர்ட் எண்ணுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “அலமாரியில இருந்துது” என்றார், சிப்ஸைக் கிளறிக்கொண்டே.

அஞ்சு அன்று வீட்டையே இரண்டாக்கினாள். அனில்குமார் போனை வாங்கிப் பார்த்து, இந்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மாடிப்பக்கம் போய்விட்டான். போனால் போகட்டும், நான் வரமாட்டேன் என்றாள் அஞ்சு. அதுவரை திட்டையெல்லாம் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்த அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“மக்கா, அன்னிக்கு அவனுக்கு டிக்கெட்டு கெடைக்கல்ல. இன்னிக்கு உனக்குக் கையில இருக்கு. இதையும் வெச்சிட்டு நீ போவாம இருந்தா, மனசில்லாதது ஆருக்கு?”

மறுநாள் அஞ்சு பயணப்பையில் வைக்கத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

இருக்கைகள் தனித்தனியாக விழுந்திருந்தன. அஞ்சு நாலைந்து வரிசை முன்னால், அக்கா கடைசியில். இந்தத் தடவை அக்கா யாரிடமும் இடம் மாற்றக் கேட்கவில்லை. மேலே எழும்போது சிரிப்பும் வரவில்லையாம். வழி முழுக்க மகளின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு போனார்.

புக்கெட் விமான நிலையத்துக்கு வெளியே, ஓட்டல் டிரைவர்கள் பெயர்ப்பலகைகளோடு நிற்கும் வரிசையில் சுஜினும் நின்றிருந்தான். கையில் ஓர் அட்டை. அதில் தமிழில் பெரிதாக ‘கருங்கல்’ என்று எழுதியிருந்தான். அஞ்சு அதைப் பார்த்தாள், பார்க்காததுபோல அவனைக் கடந்து போனாள். பத்தடி தள்ளி நின்றாள். பிறகு திரும்பி வந்து அவன் தலையை உற்றுப் பார்த்தாள்.

“முடியெல்லாம் எங்கண்ணா போச்சு?”

“நீ விளிக்காத நாலு வருஷத்துல போச்சு.”

அஞ்சு தோளில் கிடந்த பையைக் கழற்றி அவனை ஓர் அடி அடித்தாள். பிறகு அழுதாள். அவனும் அழுதான். அதோடு முடியவில்லை. நான்கு வருடம் சேர்த்து வைத்த சண்டை மொத்தத்தையும் அங்கேயே, சுத்தக் கருங்கல் தமிழில், இரண்டு பேரும் போட ஆரம்பித்தார்கள். ஏன் வரவில்லை என்று இவள் கேட்க, கல்யாணத்துக்கு ஏன் கூப்பிடவில்லை என்று அவன் கேட்க, சின்ன வயதில் உடைந்த சைக்கிள் வரைக்கும் சண்டை போய்விட்டது. வெள்ளைக்காரர்கள் பெட்டிகளோடு சுற்றிப்போனார்கள்.

அக்காவுக்கு அங்கேதான் அந்தச் சிரிப்பு பிடித்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நிற்க முடியாமல், ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்திவிட்டார். கண்ணில் நீர் கொட்டியது. பேச்சு வரவில்லை. அக்காவுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து விமான நிலையப் பெண் ஒருத்தி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளைகள் சண்டையைப் பாதியில் விட்டு இரண்டு பக்கமும் பாய்ந்து வந்தார்கள்.

ஒன்றுமில்லை என்று சொல்ல அக்கா வாயெடுத்தார். அதற்குள் சுஜினின் கை நாற்காலியின் ஒரு பிடியிலும் அஞ்சுவின் கை மறுபிடியிலும் இருப்பதைப் பார்த்துவிட்டார். வாயை மூடிக்கொண்டார். எழுந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, தள்ளலாம் என்று முன்பக்கமாகக் கையை வீசினார்.