புஷ்பராணி தூக்கித் தந்த பந்துகள்

செவ்வாய்க்கிழமை காலை பாடசாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது புஷ்பராணியின் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா போயிருச்சுங்க" என்றாள். காய்ச்சல் என்று கரவனெல்ல ஆஸ்பத்திரியில் படுத்து நான்கு நாள்கூட ஆகவில்லை. முப்பத்து மூன்று வயது சாகிற வயதா? அவளோடு கரப்பந்து ஆடிய உங்கள் எல்லோருக்காகவும் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வருவது வேறாக இருக்கிறது.

மாவட்ட அணிக்கு ஆள் தெரிவு செய்த அன்று நடந்ததை நீங்கள் யாரும் அறியமாட்டீர்கள். நாங்கள் இருவரும் செட்டர்கள். அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்கள். அணிக்கு வேண்டியது ஒருத்திதான். விடியற்காலையில் றப்பர் பால் வெட்டி, அளந்து கொடுத்துவிட்டு, மதியம்தான் அவள் மைதானத்துக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. ஆனாலும் அவள் விரல் பட்ட பந்து போகவேண்டிய இடத்துக்கே போனது. அவளோடு ஆடிப் பழகியவள் என்று தெரிவாளர் என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளை எப்படி?" என்று சிங்களத்தில் கேட்டார். நானும் சிங்களத்திலேயே சொன்னேன்: "தோட்டத்து மெட்சுக்குச் சரி சேர். பெரிய மெட்ச் தாங்கமாட்டாள்." அவள் பக்கத்தில்தான் நின்றாள். டவுன் பள்ளியில் படித்த எனக்கு, தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குச் சிங்களம் எங்கே விளங்கப்போகிறது என்ற திமிர். பட்டியலில் என் பெயர் வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில், "விடு புள்ள, நீயாச்சும் போறியே. நல்லா ஆடு" என்றாள்.

நான் ஒரு வருடம் வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போனாள், அங்குள்ள அணியில் சேர்ந்தாள், தலைவியானாள், தேசிய அணிவரை போனாள். தொழிற்சாலை அணியில் அடிக்க ஆள் தேவைப்பட்டபோது என்னைத்தான் கூப்பிட்டாள். "நான் தூக்கித் தர்றேன், நீ யோசிக்காம அடி" என்பாள். தோற்கிற நேரத்தில், "பந்து இன்னும் கீழ விழல, அதுக்குள்ள ஏன் மூஞ்சியத் தொங்கப்போடுறீங்க?" என்று அதட்டுவாள். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

நான் அங்கே போன முதல் வாரமே, மேற்பார்வையாளரோடு அவள் சிங்களத்தில் சண்டை போடுவதைக் கேட்டேன். என்னைவிட நன்றாகப் பேசினாள். "எப்பப் படிச்ச?" என்றேன்.

"படிக்கிறதா? சின்னதுல இருந்தே சிங்களக் கிராமத்துப் புள்ளைங்களோடதானே வெளையாண்டோம்" என்று சிரித்தாள்.

அப்படியானால், அன்று தெரிவாளரிடம் நான் சொன்னதும் அவளுக்கு விளங்கியிருக்கிறது. இந்த மெட்ச் முடியட்டும், அவள் கல்யாணம் முடியட்டும் என்று மன்னிப்புக் கேட்பதைத் தள்ளித் தள்ளியே வருடங்களை ஓட்டினேன். கோழை, வேறென்ன.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் கால் மணி நேரம் இருந்தேன். மழையைப் பற்றி, பஸ் கூட்டத்தைப் பற்றி உளறிக்கொண்டிருந்தேன். "வேற என்ன புள்ள?" என்றாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டாள். பார்க்க வந்தவர்களை வெளியே போகச் சொன்னார்கள். "ஒண்ணுமில்ல, நீ தூங்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் தூக்கித் தந்த பந்துகளை அடித்து வாங்கிய பெயரில்தான் எனக்கு விளையாட்டு ஆசிரியை வேலை கிடைத்தது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது, நான் தின்கிற இந்தச் சோறு.

ராணி, ஒன்ன ஆகாதுன்னு சொன்னது நான்தான்டி. கேட்டுக்கிட்டுத்தானே நின்ன? தெரிஞ்சும் ஏன்டி என்னையக் கூப்பிட்ட? ஒரு வார்த்த திட்டியிருக்கக் கூடாதா?