ஏழு பெயர்களும் ஒரு லேமினேஷன் மிஷினும்

நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்து எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். வேண்டாம், நம்ப வேண்டாம். எனக்கும் அண்ணிக்கும் ஆயிரம் வழக்கு உண்டு, அதில் பாதி மின்விசிறியைப் பற்றியது. அவர் பொன் வைக்கும் நேரத்தில் வீட்டில் ஒரு விசிறியும் சுற்றக் கூடாது. தங்க ரேக்கு, அந்தப் பொன் தாள், அவ்வளவு மெல்லியது, தும்மினால் பரணுக்குப் போய்விடும். அண்ணன் ஈரத் துண்டும் கையுமாக வாசலில் உட்கார்ந்திருப்பார்.

பக்கத்தின் அல்லது பெயரின் முதல் எழுத்தைப் பொன்னாலும் வண்ணத்தாலும் கையால் தீட்டுவது அண்ணியின் தொழில். பதப்படுத்திய கன்றுத் தோலில் சுண்ணப்பொடி, பசை, துளி தேன் மூன்றையும் குழைத்து எழுத்தை மேடாக எழுப்புவார். அது காய்ந்ததும் சின்ன மூங்கில் குழாயை வாயில் வைத்து அடிவயிற்றிலிருந்து ஊதுவார். மூச்சின் ஈரம் பட்டதும் மேடு பிசுபிசுக்கும். அந்த நொடியில் ரேக்கை வைத்து அழுத்தி, வழவழப்பான கல்லால் தேய்ப்பார். தண்ணீர் கிடையாது, கோந்து கிடையாது, மூச்சு மட்டும்தான்.

ஓர் ஆஸ்பத்திரி அவரைத் தேடி வந்தது. தொற்றுநோய் பரவியபோது வேலை பார்த்துக்கொண்டே இறந்துபோன ஊழியர்கள் ஏழு பேர். அவர்கள் பெயரை ஒரே பக்கத்தில் தீட்டி முன்கூடத்தில் வைக்க வேண்டும் என்றார்கள். ஐந்து மாதம் ஆயிற்று. நடுவில், இறந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் அம்மா, மகன் பெயரைப் பார்க்க வீட்டுக்கே வந்துவிட்டார். அண்ணி எழுந்து மூங்கில் குழாயை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்களே ஊதுங்கம்மா."

ஊதினார். மூன்றாவது மூச்சில் அழுகை முட்டி ஊதுவதை நிறுத்திவிட்டார். அண்ணி அவசரப்படுத்தவில்லை. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை ஊதினார், அண்ணி வைத்த ரேக்கு பற்றிக்கொண்டது. அன்று எனக்கு வியர்வையே உறைக்கவில்லை.

பக்கத்தைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும்போது, சூடு ஆகாது, அழுத்தக் கூடாது, மேலே வைக்கும் கண்ணாடிகூட எழுத்தில் படக் கூடாது என்று அண்ணி எழுதி ஒட்டினார். வாங்க வந்த நிர்வாக மேலாளரிடம் வாயாலும் மூன்று முறை சொன்னார். மனுஷன் தலையைத் தலையை ஆட்டினார். அந்தத் தலைக்குள் என்ன இருந்ததோ!

பத்தாம் நாள் கடிதம் வந்தது. 'தங்கள் பொருளின் தரக்குறைவால் பக்கம் சுருங்கிவிட்டது, தங்கமும் சந்தேகத்துக்குரியது. அச்சகத்தில் வேறு அடித்துக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமை குடும்பத்தாருக்கு இதைத் தெரிவிப்போம்.' செத்தவர்கள் பெயரில் போலித் தங்கம் பூசியவள் என்று ஏழு வீட்டிலும் என் அண்ணியைச் சொல்லப் போகிறார்கள்! அண்ணி சாப்பிடவில்லை. கடிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குடும்பத்தார் நாற்காலிகளில் இருந்தார்கள். மேசை மேல் அந்தப் பக்கம் கிடந்தது. பளபளவென்ற பிளாஸ்டிக்குக்குள் தோல் சுருண்டு முறுக்கிக்கொண்டிருந்தது. பொன் மேடுகள் நசுங்கி, எழுத்துகள் சில்லுச் சில்லாகச் சிதறியிருந்தன.

"இதை என்ன பண்ணீங்க?" என்றார் அண்ணி.

மேலாளர் வாயைத் திறக்குமுன் பக்கத்தில் நின்ற குமாஸ்தா பெருமையோடு முந்திக்கொண்டார். "தூசி படக்கூடாதுன்னு லேமினேட் பண்ணோம் மேடம். ஐடி கார்டு போடற மிஷின்தான். முதல் தடவை ஒட்டல, சூட்டை ஏத்தி இன்னொரு தடவை விட்டோம்."

மேலாளர் அவரை முறைத்தார். பிறகு ஒன்றுமே நடக்காதது போல், "நல்ல பொருளா இருந்தா தாங்கியிருக்கும்ல?" என்றார். அடப்பாவி! நான் எழுந்தேன், அண்ணி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஓட்டுநரின் அம்மா மேசைக்கு வந்து, தன் மகன் பெயர் இருந்த இடத்தில் பிளாஸ்டிக்கைத் தடவினார்.

"இதுல என் மூச்சு இருந்துச்சு. தங்கம் ஒட்டினதை நான் கண்ணால பார்த்தேன். அதை மிஷின்ல விட்டுட்டு இந்தப் பொண்ணைக் குத்தம் சொல்றீங்களே, உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?"

மற்ற குடும்பங்களும் எழுந்துவிட்டன. அச்சடித்த பக்கம் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். மேலாளர் இறங்கி வந்து, அண்ணியே மறுபடி செய்து தரட்டும் என்றார். மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை.

அண்ணி கடிதத்தை எடுத்து அவர் முன் வைத்தார். "செய்றேன். முதல்ல இது பொய்னு இதுலயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் ஏழு பேர் வீட்டுலேருந்தும் வந்து ஊதட்டும். நீங்களும் வரணும், வந்து நின்னு பார்க்கணும்."

மேலாளர் எல்லார் முன்னாலும் எழுதினார்.

புதுத் தோலில் எழுத்து மேடுகள் காய்ந்த பிறகு ஏழு குடும்பமும் எங்கள் வீட்டுக்கு வந்தன. ஒரு நர்ஸின் கணவர், ஒரு சமையல்காரரின் தங்கை, ஒவ்வொருவராக ஊதினார்கள். மேலாளர் சுவரோரம் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கடைசியாக ஓட்டுநரின் அம்மா குழாயை வாயில் வைத்தார். மேலாளர் தாங்க முடியாமல் விசிறி சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

அந்த அம்மா குழாயை எடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கையை எடுங்க. என் பிள்ளை இன்னும் ஒட்டல."