கடல் மறந்துவிட்டுப் போன காது

பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பவனைத் திட்டுவதற்கு இரண்டு வகை ஆட்கள் உண்டு: அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள், படிக்காதவர்கள். நான் இரண்டு வகையிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில், விடுதியோடு சேர்ந்த ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை மதியம் ‘உலகப் புராணக் கதைகள்’ என்று ஒரு பீரியட் உண்டு. அதை ஆரம்பிக்கச் சொல்லிக் கெஞ்சியவன் நான்தான் என்பதால், புத்தகம் தேடும் வேலையும் என் தலையில் விழுந்தது. ஒரு பெற்றோர் புகார் சொன்னாலும் அந்த பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும் என்பது தாளாளர் போட்ட நிபந்தனை. உங்களில் யாராவது இப்படி ஒரு பீரியடைக் கையில் வைத்துக்கொண்டு வருஷா வருஷம் பயந்திருந்தால், நான் சொல்வது புரியும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே ஒரு கடல் கதை வரும். பல வருஷமாக அதைத்தான் முதல் பாடமாக நடத்துகிறேன். அத்தனை வருஷமாக அதைச் சந்தேகித்துக்கொண்டும் இருக்கிறேன்.

லேபிள் ஒட்டிய கடவுள்கள்

நான் முதன்முதலில் வாங்கியது கிரேக்கப் புராணக் கதைகள். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் பளிங்குச் சிலைகளின் படம். கடையில் நின்று பார்த்தபோது கதையை மட்டும்தான் பார்த்தேன். சிலைகள் என்ன உடுத்தியிருக்கின்றன என்று பார்க்கவில்லை. நூலகர் செல்வி மேடம் பார்த்துவிட்டார். நோட்டு அட்டையில் ஒட்டுவோமே, பெயர், வகுப்பு, பாடம் என்று கோடு போட்ட லேபிள், அதை எடுத்துவந்து ஒவ்வொரு கடவுளுக்கும் தேவையான இடத்தில் ஒட்டிவிட்டார். பெண் தெய்வங்களுக்குக் கூடுதலாக ஒட்டினார்.

மறைத்த பிறகுதான் புத்தகத்துக்குக் கிராக்கி வந்தது. அதுவரை தொடாத பையன்கள் வரிசையில் நின்று எடுத்துப்போனார்கள். திரும்பி வந்தபோது எல்லா லேபிளும் பூர்த்தி செய்யப்பட்டிருந்தன. இடியைக் கையில் பிடித்த கடவுள் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் சேர்ந்திருந்தார்; பாடம், உடற்கல்வி. செல்வி மேடம் விசாரணை வைத்தார். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வாலிகண்டபுரத்திலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டாள்:

“மேடம், எங்க ஊர் கோயில் தூண்லல்லாம் இதே மாதிரிதான் செதுக்கி வச்சிருக்காங்க. அதுக்கு யாருங்க லேபிள் ஒட்டுவாங்க?”

சாம்பார் சாதத்துக்குப் பிறகு

அதற்கப்புறம் எந்தப் புத்தகத்தையும் நான் கடையில் வைத்து முடிவு செய்வதில்லை. ஒரு பிரதி மட்டும் வாங்கி வருவேன். மதியச் சாப்பாடு முடிந்து, மின்விசிறி சூடான காற்றைக் கிண்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் முதல் பக்கத்தை உரக்கப் படிப்பேன். தலைகள் மேசையில் சாய்ந்தால் புத்தகம் திரும்பிப் போய்விடும். எழுதியவர் எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தாலும் சரி, அட்டையில் யார் பாராட்டியிருந்தாலும் சரி. சாம்பார் சாதத்தை வெல்ல முடியாத புராணம் எங்களுக்கு வேண்டாம்.

மனிதர்களுக்கு நெருப்பைக் கொடுத்ததற்காக ஒருவனைப் பாறையில் கட்டிவைத்து, தினமும் ஒரு கழுகு வந்து ஈரலைத் தின்பதும், தின்றது மறுபடி வளர்வதுமான கதையை ஒருநாள் இப்படிப் படித்தேன். ஒரு தலையும் சாயவில்லை. நான் தியாகத்தைப் பற்றிக் கொஞ்சம் உருகிப் பேசினேன். கடைசி பெஞ்சில் அரும்பாவூர் மணிகண்டன் கையைத் தூக்கினான். அவன் வீட்டில் சின்ன வெங்காயம் போடுகிறார்கள். விடுமுறை முழுக்க அவனுக்குக் களை பிடுங்கும் வேலைதான்.

“சார், அவனாச்சும் சும்மா படுத்துக் கெடக்கான். புடுங்கப் புடுங்க மறுநாளும் கோரை மொளைச்சு நிக்கிறதப் பாத்தவங்களுக்குத்தான் அந்தக் கழுகோட கஷ்டம் தெரியும்.”

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு கதை

புத்தகத்தில் இல்லாத ஒரு கதையை எங்காவது கேட்டு வாருங்கள் என்று ஒரு வாரம் சொன்னேன். பாதிப் பேர் தொலைக்காட்சித் தொடரிலிருந்து கொண்டுவந்தார்கள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பர்வீன் மட்டும், “எங்க அத்தா வாய்ஸ் மெசேஜ்ல சொன்னாங்க சார்” என்று ஆரம்பித்தாள். அவள் அப்பா சிக்கந்தர் பாய் வளைகுடா நாட்டில் ஒரு துறைமுக ஊரில் வேலை பார்த்தார். அவரோடு ஒரே அறையில் தங்கிய ஒரு தீவுக்காரர் சொன்ன கதையாம்.

முன்னொரு காலத்தில் கடல் ஊருக்கு நடுவே இருந்தது. மனிதர்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டே கிடந்தது. ராத்திரி பகலாக அவர்கள் போட்ட சண்டையைக் கேட்டுத் தூக்கம் கெட்டுப்போய், ஒருநாள் தன் காதைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடியது. நிலா வந்து அவசரமாகக் கூப்பிட்டது. அரைத் தூக்கத்தில் எழுந்து ஓடிய கடல், காதை மறந்துவிட்டது. அதனால்தான், காது கேட்காதவர்கள் சத்தமாகப் பேசுவதுபோல, அது இன்றைக்கும் கத்திக்கொண்டே இருக்கிறது. காது மட்டும் எங்கோ தரையில் கல்லாகிக் கிடக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை என் மேசைமேல் கற்கள் குவிந்துவிட்டன. எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. கிணறு வெட்டினாலும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் தோண்டினாலும் கல்லாகிப்போன சங்கும் சிப்பியும் வரும். சுருண்ட கற்கள் சில அப்படியே காது மாதிரி இருக்கும். பிள்ளைகள் அவற்றை எடுத்து ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுவைத்திருப்பார்கள். கல்லங்குறிச்சியிலிருந்து வரும் ஒரு மாணவி அப்படி ஒன்றை என் கையில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

“சார், இது அங்கேருந்து நமக்கு வந்த கதையா, இல்ல நம்ம ஊர்லேருந்து போன கதையா?”

சொத்துச் சண்டை

நான் பயந்த புகார் ஒருநாள் நேரில் வந்துவிட்டது. உடையார்பாளையம் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர். மகள் எங்கள் விடுதியில் இருந்தாள். வெள்ளைச் சட்டை, கையில் மகளின் புத்தகம், ஐரோப்பாவின் வடகோடிப் பனி நாடுகளின் புராணம். தாளாளர் அறைக்குப் போகும் வழியில் என்னிடம் நின்றார். “நம்ம சாமி கதையே நாள் முழுக்கச் சொன்னாலும் தீராது. ஊர்ல இல்லாத சாமியெல்லாம் எதுக்குங்க எம்பொண்ணுக்கு?” என்றார். உண்மையில் அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டு எத்தனையோ நாள் விழித்துக் கிடந்திருக்கிறேன். “நீங்க ஒருதரம் படிச்சுப் பாருங்க. தப்புன்னு பட்டா நானே தாளாளர்கிட்ட வந்து நிக்கறேன்” என்று மட்டும் சொன்னேன்.

புத்தகத்தோடு போனவர் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குத்தான் வந்தார். தாளாளரும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் புத்தகத்தை மேசைமேல் வைத்து அட்டையைத் தடவினார்.

“வடக்க பனியில கெடக்குற சாமிங்களும் அண்ணன் தம்பிக்குள்ள வெட்டிக்கிட்டுத்தான் செத்திருக்குங்க. எங்க பங்காளிக்கு ஒண்ணு படிக்கக் குடுக்கணும், இன்னொரு புத்தகம் இருக்குங்களா?”

ஆதாரம்

இந்த வருஷம்தான் உண்மையான சிக்கல். புதிதாக வந்த கணக்காசிரியர் குமரேசன் நல்ல பிள்ளை. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்று அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தாளாளர் என்னைக் கூப்பிட்டு, அந்த பீரியடில் நடத்தும் கதைகளையும் அவை உள்ள புத்தகங்களையும் கொண்டுவந்து காட்டச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது, முதல் பாடத்தைத் தவிர. கடலின் காது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நான் தேடாமல் இல்லை. தீவு நாட்டுக் கதைகள் என்று அட்டையில் பார்த்தால் போதும், வாங்கிவிடுவேன். நண்டு வளைக்குள் போய்த் தண்ணீரை ஏற்றி இறக்கும் கதை கிடைத்தது, உப்பு அரைக்கும் ஆட்டுக்கல் கடலில் விழுந்த கதை கிடைத்தது, காது கிடைக்கவில்லை. “ஒரு தீவு நாட்டுக் கதை” என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம், எந்தத் தீவு என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று வேகமாக அடுத்த வரிக்குப் போய்விடுவேன். சந்தேகம் இதுதான்: அரியலூர்க் கல்லுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற கதை எங்கோ ஒரு தீவில் எப்படி இருக்கும்? பர்வீன் இட்டுக்கட்டினாளா, அவள் அப்பாவா? பர்வீனிடம் கேட்டிருக்கலாம். அவள் படிப்பு முடித்துத் திருச்சியில் வேலைக்கே போய்விட்டாள். கேட்கவில்லை. பொய் என்று தெரிந்துவிட்டால் அதை எப்படி மறுபடி சொல்வது? ஆனால் உண்மை என்று தெரியாமல் மட்டும் எப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன்?

இதையெல்லாம் தாளாளரிடம் சொல்லவில்லை. என் கையில் இருந்த நல்ல புத்தகங்களின் கடைசிப் பக்கங்களைத்தான் திருப்பிக் காட்டினேன். எந்தக் கதையை எந்த ஊரில் யார் சொல்லக் கேட்டோம் என்று அங்கே போட்டிருக்கும். புத்தகம் ஆவதற்கு முன்னால் எல்லாமே யாரோ ஒருவர் வாய்ச்சொல்தான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப உங்க கடல் கதையையும் சொன்னது யாரு, எந்த ஊருன்னு கொண்டாங்க சார், நாமளே அச்சடிச்சுப் புத்தகமாக்கிடலாம், இல்லன்னா அடுத்த வாரத்துலேருந்து அந்த பீரியட் குமரேசனுக்கு.”

வெள்ளிக்கிழமை மதியம்

கடைசியில் பர்வீனுக்குப் போன் செய்தேன். அத்தா ஊரோடு வந்துவிட்டார் என்றாள். அந்த வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். என் பீரியடைக் குமரேசனிடமே ஒப்படைத்துவிட்டுப் போனது எனக்கே சகுனம் சரியில்லாத மாதிரி இருந்தது. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த சிக்கந்தர் பாய், “சாப்பிட்டுத்தான் பேசணும்” என்று பிடிவாதமாக உட்காரவைத்துவிட்டார். சாப்பிட்டு முடித்ததும் விஷயத்தைச் சொன்னேன். எனக்குக் கோபம்கூட வரக் காத்திருந்தது, அவர் சிரித்தால். அவர் சிரிக்கவில்லை.

“ஹம்சான்னு பேரு சார். ரூம்ல அவன்தான் சமையல். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கால ஒரு சின்னத் தீவு. ஒருநாள் பர்வீன், ஸ்கூல்ல கெடைச்சதுன்னு ஒரு சுருள் கல்லு போட்டோ அனுப்பியிருந்தா. அவன்கிட்டக் காட்டினேன். அதப் பாத்துட்டுத்தான் இந்தக் கதையச் சொன்னான்.”

கல் முதலில், கதை பிறகு. ஊர் நினைவில் இருந்த ஒரு மனிதனைச் சமாதானப்படுத்த, வெங்காயம் நறுக்கிக்கொண்டே யாரோ கட்டிய கதையைத்தான் இத்தனை வகுப்புகளுக்குப் புராணம் என்று சொல்லியிருக்கிறேன். என் முகத்தைப் பார்த்த பாய், “அவன் இப்பவும் அங்கதான் இருக்கான். நீங்களே கேளுங்களேன்” என்று போனை எடுத்தார்.

திரையில் ஒரு நரைத்த தாடி, பின்னால் பெரிய அலுமினியப் பாத்திரங்கள். பாய் தனக்குத் தெரிந்த அரபியில் என்னை அறிமுகப்படுத்தினார். ஒரு பள்ளிக்கூடத்தில் தன் கதை பாடமாக இருக்கிறது என்று கேட்டதும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அது உங்கள் ஊர்க் கதையா, நீங்கள் கட்டியதா என்று பாய் எனக்காகக் கேட்டார். ஹம்சா ரொம்ப நேரம் பேசினார். பாய் தமிழில் சொன்னது இவ்வளவுதான்:

“கடல் எதையோ மறந்துட்டுப் போயிடுச்சு, அதத் தேடித்தான் தெனமும் கரைக்கு வருதுன்னு அவங்க ஊர்ல எல்லாரும் சொல்வாங்களாம் சார், என்னத்த மறந்ததுன்னு மட்டும் யாருக்கும் தெரியாதாம், நம்ம ஊரு கல்லப் பாத்த அன்னைக்குத்தான் அவனுக்குத் தெரிஞ்சுதாம்.”

பெயரையும் தீவையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். தாளாளருக்கு அது போதும், அடுத்த வெள்ளிக்கிழமை குமரேசன் தன் வகுப்புக்கே போகலாம். இணைப்பைத் துண்டிக்கப் போன பாயைக் கையமர்த்தி, ஆதாரம் தேடி வந்தவன் என்பதை மறந்து, எல்லா வருஷமும் பிள்ளைகள் கேட்டு நான் மழுப்பிய கேள்வியைத்தான் கடைசியில் அந்த ஆதாரத்திடமே கேட்டேன்: “காது எங்க இருக்குன்னு இப்ப தெரிஞ்சுபோச்சே, எடுத்துட்டுப் போகக் கடல் எங்க ஊருக்குத் திரும்பி வருமாங்க?”