மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

புதிதாகக் கோச் வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், தம்போயில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் ஜிம்மில் இருபது வருடம் வேலை பார்த்தேன். பிள்ளைகளுக்குக் குட்டிக்கரணம் போடக் கற்றுக்கொடுத்தேன். பெற்றோருக்காக நானே போட்டேன்.

மூன்றேகால்

நிலாவுக்கு ஒன்பது வயது. லெவல் த்ரீயில் எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்வாள். லெவல் ஃபோருக்கு ஏற, பீம் என்கிற ஒடுக்கமான கட்டை மேல் பேக் வாக்ஓவர் செய்ய வேண்டும். பின்னால் வளைந்து, கை ஊன்றி, கால்களை ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் கொண்டுவந்து நிற்பது. தரையில் செய்வாள். குட்டை பீமில் பாதி நாள் செய்வாள். மார்பளவு உயர பீமில் ஏறினால் கையை உயர்த்திவிட்டு அப்படியே நிற்பாள். பயம். அதற்கு மருந்து, மாதக்கணக்கில் குட்டை பீம்தான்.

அவள் அம்மா வசந்தாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சிங்கப்பூரில் வேலை. தினமும் எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று பழகியவர், மகள் ஒரே லெவலில் நிற்பதை மட்டும் தாங்க மாட்டார்.

"கோச், கூட சேர்ந்த பிள்ளைங்கெல்லாம் ஃபோர் போயிருச்சு. ஆபீஸ்ல கேக்குறாங்க, நான் என்ன சொல்றது?"

ஜிம் முதலாளி செல்வம் என்னை ஓரமாக அழைத்தார். "மேரி, அவங்க வேற ஜிம்முக்குப் போயிருவாங்க லா. நடுவுல ஏதாச்சும் ஒரு லெவல் போட்டுக் குடுங்க."

போட்டேன். கால்விரலை நீட்டி நின்றால் மூன்றேகால். தங்க நிற ஓரம் வைத்த சான்றிதழும் உண்டு.

மூன்றரை, மூன்றே முக்கால்

மறு வாரமே மற்ற அம்மாக்கள் வரிசையில் நின்றார்கள். மூன்றரைக்கு அழகாகச் சல்யூட் வைக்க வேண்டும். மூன்றே முக்காலுக்கு என்ன கேட்பதென்று தெரியாமல், பீமிலிருந்து சிரித்த முகத்தோடு இறங்க வேண்டும் என்று எழுதினேன். "என் மக சிரிக்கிற டைப் இல்ல, அதுக்கெல்லாம் மார்க் குறைக்காதீங்க" என்று ஓர் அப்பா அப்பீல் செய்தார். குட்டை பீமை யாரும் தொடவில்லை.

நான்கு

நிலா மூன்றே முக்காலுக்கு வந்திருந்தபோது மாநிலப் போட்டிக்குப் படிவம் வந்தது. அதில் முழு எண்கள்தான்.

"அலமாக், கால் லெவல்தானே கோச் குறையுது! நாலுன்னே போடுங்க" என்றார் வசந்தா.

"போலே லா, தாராளமாப் போடலாம்" என்றார் செல்வம்.

போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

போட்டியில் நிலா பீம் மேல் நடந்தாள், திரும்பினாள், குதித்தாள். பேக் வாக்ஓவருக்கான இடம் வந்தது. கைகளை உயர்த்தினாள். நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு இறங்கி, நடுவர்களுக்கு அழகாகச் சல்யூட் வைத்தாள். நான் கற்றுக்கொடுத்ததில் ஒன்றுகூட விடவில்லை.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கோச், எனக்கு வராதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்மா."

"அப்பறம் ஏன் என்னை ஏத்தி விட்டீங்க?"

அழுகை வந்தது. அவள் முன்னால் அழ எனக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன்.

மூன்று

திங்கட்கிழமை அவளிடம் நேராகச் சொன்னேன். "நிலா, நீ லெவல் த்ரீ. பேக் வாக்ஓவர் உனக்கு இன்னும் வரல. வர வைப்போம்."

வசந்தா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. செல்வம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இத்தனை நாள் நான் பயந்தது இவ்வளவுக்குத்தான்.

நிலா மட்டும், "சரி கோச், இப்பவே ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

பிள்ளைக்கு ஒன்று வரவில்லை என்றால், அதை முதலில் பிள்ளையிடம் சொல்லுங்கள். உண்மையைக் கேட்டுக் கோபப்படாத ஆள் அந்த ஜிம்மிலேயே அந்தப் பிள்ளை ஒன்றுதான்.