கடப்பில் விழுந்த கதவு

எங்கள் ஊரில் அக்கா தங்கச்சி வீடுகளுக்கு நடுவே கடப்பு இருக்கும். வேலியிலோ மதிலிலோ ஓர் ஆள் நுழையும் அளவுக்கு விடும் வழிக்கு அந்தப் பெயர். காத்தான்குடியில் வாப்பாமார் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைப்பார்கள். அதனால் சகோதரிகள் பக்கத்துப் பக்கத்தில்தான் குடியிருப்போம். தெருவில் இறங்காமல், முக்காட்டைக்கூடச் சரிசெய்யாமல், கறிக் கோப்பையோடு போய்வர அந்தக் கடப்பு வேண்டும். அதை யாராவது அடைத்தால் ஒரே அர்த்தம்தான், சண்டை. அன்று பின்னேரத்துக்குள் ஊரெல்லாம் கதை போய்விடும்.

எனக்கும் தங்கச்சிக்கும் வாப்பா கட்டித்தந்த வீடுகள் ஒரே தென்னங்கிடுகுக் கூரையின் கீழ் இருந்தன. நடுவில் ஓலைத் தட்டி. முகட்டில் ஓடிய வளைமரமும் ஒன்றுதான். அவள் வீட்டில் தொடங்கி என் வீட்டில் முடியும். மரத்தை மிச்சம் பிடித்தாரா, மக்கள் இருவரும் பிரியக் கூடாதென்று நினைத்தாரா, தெரியாது. நான் கேட்பதற்கு முன்னமே அவர் மௌத்தாகிவிட்டார்.

இரண்டாம் உலகச் சண்டைக்குக் கொஞ்சம் முந்திய காலம். ஒரு கச்சான் காற்றுப் பருவத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கூரைகள் வரிசையாக எரிந்தன. ஒரு வீட்டு முகட்டில் பிடித்தது, மேற்கேயிருந்து அடித்த காற்றோடு அடுத்தடுத்த வீடுகளுக்குப் போய்விட்டது. என் கணவர் நூல் வியாபாரி. முன்னறை முழுக்க நூல் பொதி; பின்னறையில் என் தறி. எரிந்த வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"நடுவில செங்கல் சுவர் வைக்கப் போறன். கடப்புக் கிடப்பு ஒண்டும் இல்ல. ஓட்டை வச்சுக் கட்டுறதுக்குச் சுவர் என்னத்துக்கு?" என்றார்.

"அப்ப அவளுக்குப் புள்ள வருத்தம் கண்டா ஆர் பாக்கிற? நீங்களா?" என்றேன்.

தங்கச்சி அப்போது ஆறு மாதம். அவள் புருஷன் வண்டியில் புடவை ஏற்றிக்கொண்டு ஓட்டமாவடிப் பக்கம் போனால் பத்துப் பதினைந்து நாள் திரும்ப மாட்டார். கடப்பு இல்லையென்றால் அவள் தனி. நான் பிடித்த பிடியை விடவில்லை. இரண்டு நாள் அவருக்குச் சோறு மட்டும் போட்டேன், பேச்சுக் கொடுக்கவில்லை. கடைசியில், "மேசன் காக்கா சொல்றதைக் கேப்பம்" என்று இறங்கி வந்தார்.

மூத்தவனைக் காக்கா என்றும் மூத்தவளை ராத்தா என்றும்தான் எங்கள் பக்கம் கூப்பிடுவது. மேசன் காக்கா உன்னிச்சைக் குளத்துத் துருசு வேலையில் கல் கட்டினவர். குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் வாய்க்குத்தான் துருசு என்பது. அவர் வந்ததும் சுவர் வரப்போகும் இடத்தைப் பார்க்கவில்லை. முகட்டை அண்ணாந்து பார்த்து 'ச்சு' கொட்டினார்.

"இந்த வளையை அறுக்கோணும். இது சுவருக்குள்ளால போனா நெருப்பு இதைப் புடிச்சிக்கிட்டே மறுவீட்டுக்குப் போயிரும்."

அறுத்தார்கள். மரத்தூள் கொட்டும்போது தங்கச்சி தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு அழுகையைவிட ஆவல்தான் கூட. சுவர் கூரையையும் தாண்டி இரண்டு முழம் உயரப் போகிறது என்று கேட்டதும் கதவுக்குப் பின்னால் நின்றபடியே கேட்டேன்.

"கூரைக்கு மேல என்னத்துக்கு காக்கா? எரியிறது வீடுதானே?"

"கச்சான் அடிக்கக்குள்ள நெருப்பு நிமிர்ந்து நிக்கிறல்ல, ராத்தா. படுக்கும். படுத்தாலும் எட்டாத உயரம் வேணும்."

நெருப்புப் படுக்குமாம்! அன்று பொழுதுபட்டதும் குப்பி விளக்கை ஏற்றி வைத்து ஊதி ஊதிப் பார்த்தேன். படுத்ததுதான். பக்கத்தில் நிறுத்தி வைத்த ஈர்க்கிலைத் தொட்டது. அதைவிட உயரமான ஈர்க்கிலை வைத்தால் அதன் தலையைத் தாண்ட மாட்டாமல் திரும்பியது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. செங்கல்லின் ஒரு பக்கம் சிரட்டைக் கரித் தணலைக் குவித்து, மறுபக்கம் ஒரு துளி நெய்யை வைத்துப் பார்த்தேன். நெய் உருகுவதற்குள் ஒரு பானைச் சோறு வடித்துவிட்டேன். வெறும் பலகையை வைத்தேன், பற்றிக்கொண்டது. பலகைக்குத் தகரம் சுற்றி வைத்தேன். புகைந்தது, கருகியது, சுவாலை மட்டும் வரவில்லை. பாயில் இரண்டு பொத்தல் விழுந்தது.

"வீட்டைக் காக்க எண்டு சொல்லி வீட்டையே கொளுத்துறா" என்று கணவர் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும் குரலில் சொன்னார். சொல்லட்டும்.

தகரம் சுற்றிய பலகையைப் பற்றிச் சொன்னதும் மேசன் காக்கா தாடியைச் சொறிந்தார். பிறகு, "அப்ப துருசுக் கதவு மாதிரி ஒண்டு போடுவம்" என்றார். சுவரில் கடப்பு விட்டு, இரு பக்கமும் கதவு இறங்கக் காடி வெட்டி, கனத்த பலகைக் கதவுக்குத் தகரம் அடித்து, மேலே கப்பியில் தும்புக் கயிற்றால் தூக்கித் தொங்கவிடுவது. கயிற்றின் மறுநுனி சுவரோரமாகப் போய் ஒரு முளையில் கட்டப்படும். நெருப்பு வந்தால் கயிறு எரியும். கயிறு எரிந்தால் கதவு விழும். ஆளே வேண்டாம்! கயிற்றையும் தணலில் வைத்துப் பார்த்தேன். அல்ஹம்து சூரா ஓதி முடிக்க முன்னம் அறுந்தது. கணவரே அறுந்த நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"முளையை எந்தப் பக்கம் அடிக்கிற?" என்று காக்கா கேட்டார்.

"அவட பக்கம்" என்றேன். யோசிக்கவே இல்லை. கயிறு என் பக்கம் இருந்தால் ஊர் என்ன சொல்லும்? மூத்தவள் நினைத்த நேரம் அடைப்பாள், வாப்பா வீட்டை ரெண்டாக்கினவள், என்று. அந்தச் சொல் எனக்கு வரக்கூடாது. காக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

தங்கச்சிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. வருத்தம் கண்ட அன்று கடப்பால் அவள் கூப்பிட்ட குரலுக்கு நான் ஓடினேன்.

பிள்ளைக்கு நாற்பது கழிந்து, மாரியும் போய், மறுபடி கச்சான் தொடங்கியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் பார்க்கிறேன், என் கயிறு முழுக்கப் பிள்ளையின் ஈரச் சீலை. கப்பியிலிருந்து முளை வரைக்கும் ஓர் இடம் பாக்கியில்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"அது எரியிறதுக்குக் கட்டின கயிறு! நனைச்சு வச்சா எப்பிடி எரியும்?"

"என்ட புள்ளட சீலைய நான் எங்க போடுற? உங்கட தலையிலயா?"

"வேலி இல்லையா உனக்கு?"

"வேலியில முள்ளு."

இப்படியே வார்த்தை தடித்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுக்கு மறுபக்கத்து வளவில் நெல் அவித்தார்கள். புகை உள்ளே வந்து பிள்ளை இருமியது. என்னோடு ஒரு சொல் பேசவில்லை. கடப்பின் என் பக்கத்தில் தொங்கிய ஏணைத் தொட்டிலில் அவனைக் கிடத்தி ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நானும் போய்த் தறியில் உட்கார்ந்தேன்.

தறிச் சத்தத்துக்குள் வேறொன்றும் கேட்காது. திடீரென்று 'டமார்' என்று கதவு விழுந்தது. வீடே அதிர்ந்தது. பிள்ளை வீறிட்டான்.

என்ன நினைத்தேன் தெரியுமா? நெருப்பு என்று நினைக்கவில்லை. அடைத்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு சீலைக்காகக் கூடப்பிறந்தவளுக்குக் கடப்பை அடைத்துவிட்டாள், பிள்ளை தூங்குகிறான் என்றும் பார்க்கவில்லை, இருக்கட்டும், நானும் பார்க்கிறேன், என்று நினைத்தேன். பிள்ளை அழ அழ மூன்று இழை ஓட்டினேன். நெருப்புக்கென்று நானே செய்வித்த கதவு, அது விழுந்த சத்தம் என் காதில் சண்டையாகத்தான் விழுந்தது.

நாலாவது இழைக்குத் தெருவில் கூக்குரல் கேட்டது. பின்வாசலால் எட்டிச் சுவருக்கு மேலே பார்த்தேன். புகை. என்ட ரப்பே!

பிள்ளையை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். தங்கச்சி வீட்டுக் கூரை முழுவதும் நெருப்பு. காற்று அதை எங்கள் பக்கம் அடித்தது. அது சுவரில் மோதி, தலைக்கு மேல் எட்டிப் பார்த்து, எட்டமாட்டாமல் திரும்பியது. நான் அதைக்கூடப் பார்த்தேன். என் கண்ணைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவளைத்தான் காணவில்லை.

தெருக் கிணற்றடியில் இருந்தாள். தலையில் முக்காடில்லை. சுற்றிவர ஆண்கள் வாளியும் கையுமாக ஓடுகிறார்கள், அவளுக்கு அது தெரியவே இல்லை. வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை, என் தோளைப் பார்த்தாள். பிள்ளை இருப்பதைக் கண்டதும்தான் அழத் தொடங்கினாள்.

அவள் வீடு போய்விட்டது. என் வீட்டில் ஒரு நூல் கருகவில்லை. அடுத்த நாள், என்னால் இருக்க முடியாமல், அந்தச் சாம்பலுக்குள் போய்ப் பார்த்தேன். முளையடியில் கயிற்று நுனி கிடந்தது. ஈரச் சீலை மூடிக் கிடந்த இடம் கருகக்கூட இல்லை. முடிச்சு எரிந்து அறுந்ததல்ல. கையால் அவிழ்த்தது.

கைக்கு மருந்து போடும்போது கேட்டேன். "ஏன் அவிழ்த்தாய்? இஞ்சால பாஞ்சு வந்திருக்கலாமே. புள்ளையும் இஞ்சதானே இருந்தான்?"

"வந்திருந்தா கதவை விழுத்துறது ஆரு?" என்றாள். "முளை என்ட பக்கம். அவிழ்த்தா அந்த நேரமே விழும். திறந்தபடி விட்டா காத்து உங்கட பக்கம். நீங்க தறியில. கூப்பிட்டன் ராத்தா, கேக்கல்ல."

மருந்துக் கோப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் வாயில் சீலையை அடைத்துக்கொண்டு அழுதேன். என் நல்ல பெயருக்காக அவள் பக்கம் அடிப்பித்த முளை அது.

அவள் வீட்டைத் திரும்பக் கட்டும்போது நானே மேசன் காக்காவைக் கூப்பிட்டு முளையை என் பக்கம் அடிக்கச் சொன்னேன். கயிறு எரியும் கதையை விட்டுவிட்டேன். அவர் இம்முறை தாடியைச் சொறியவில்லை.

தங்கச்சி கட்டுப் போட்ட கையோடு நின்று பார்த்தாள். "அப்ப இனி நினைச்சா நீங்க அடைப்பீங்க" என்றாள்.

"அடைப்பன்" என்றேன். "நீ வந்த புறகு."