காப்புறுதித் தாளில் குத்திய முத்திரை

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதைச் சொல்ல எனக்கு ஒருபோதும் வெட்கம் இருந்ததில்லை. சொன்ன கையோடு மிச்சத்தையும் சொல்லிவிடுவேன். ஜெர்மனியின் ஹம் நகரத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு துப்புரவுக் கம்பனி இருக்கிறது. மூன்று வான்கள், ஒன்பது வேலையாட்கள். இரண்டு பல் வைத்தியர்கள், ஒரு வழக்கறிஞர், ஒரு கணக்காளர் என்று நான்கு பேருடைய இடங்களை நாங்கள்தான் கூட்டித் துடைக்கிறோம். நால்வரும் நிறையப் படித்தவர்கள். மாதமுடிவில் பில் அனுப்புகிறவன் நான்.

ஜெர்மன் மொழியை நான் ஓர் உணவகத்தின் குசினியில் படித்தேன். ஆறு வருடம் கோப்பை கழுவிக்கொண்டு, தலைமைச் சமையல்காரன் கத்திய கத்தலில் இருந்து பொறுக்கியெடுத்த ஜெர்மன். ஆகவே அது கொஞ்சம் உரத்தது. ஆனால் பயமில்லாதது. பயமில்லாத ஜெர்மனுக்கு எங்கள் ஆட்களிடம் நல்ல மதிப்பு இருந்தது. வைத்தியரிடமோ நகரசபையிலோ யாருக்காவது டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், இருந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். போவேன். ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. போகும்போது கோட்டுப் பையில் கம்பனி முத்திரையைக் கொண்டு போவேன். ஜெர்மன்காரன் முத்திரையைக் கண்டால் குரலைத் தாழ்த்துவான். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

கார் வாங்குகிறவர்களை நான் எப்போதும் ஒரே கார்க்கடைக்குத்தான் கூட்டிப் போனேன். என்னுடைய மூன்று வான்களும் அங்கே வாங்கியவை. அங்குள்ள விற்பனையாளன் என்னைக் கண்டவுடன் எழும்பிக் கைகொடுப்பான், கோப்பி வரும். கூட வந்தவர்கள் அதைப் பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதை நான் பார்ப்பேன்.

அப்படி நான் கூட்டிப் போனவர்களில் ஒருத்தி என்னைவிட இருபத்தைந்து வயது இளையவள். என்னை அண்ணை என்பாள். நான் தங்கச்சி என்பேன். ஜெர்மனிக்கு வந்து அப்போது இரண்டு வருடம். கணவனைப் பிரிந்து சின்ன மகளோடு தனியாக இருந்தாள். முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஒன்பதாயிரம் யூரோவுக்கு ஒரு பழைய சிவப்புக் கார் பார்த்தோம். ஐந்து வருடக் கடன்.

விற்பனையாளன் கடன் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினான். ஒரு பக்கம் வந்ததும் நின்று ஐந்து நிமிடம் பேசினான். அந்த ஐந்து நிமிடத்தில் மரணம், நோய், வேலையின்மை, பாதுகாப்பு என்ற நான்கு சொற்கள் எனக்கு விளங்கின. நான்கும் நன்றாகவே விளங்கின.

"என்னவாம் அண்ணை?" என்று கேட்டாள்.

"காப்புறுதியாம். உனக்கு வேலை போனால் அவங்களே மாதக்காசைக் கட்டுவாங்களாம். கடனோட சேர்ந்து வாறது."

"எவ்வளவாம்?"

"ஆயிரத்து எண்ணூறு. அதுவும் மாதாமாதம்தான் கழியும், கழியிறதே தெரியாது."

"கட்டாயமோ அண்ணை?"

இந்தக் கேள்வியை நான் விற்பனையாளனிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் மூன்று வான்களுக்கும் அது இருந்தது; ஆகவே எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். "ஓம், கட்டாயம். நீ கையெழுத்தைப் போடு" என்றேன். போட்டாள். பிறகு விற்பனையாளன் இன்னொரு தாளை என் பக்கம் தள்ளினான். மொழிபெயர்த்தவரின் கையெழுத்து வேண்டுமாம். ஜெர்மனியில் என்னை ஒரு மொழிபெயர்ப்பாளர் என்று எழுதி வைத்திருந்த முதல் தாள் அது. கையெழுத்தைப் பெரிதாகப் போட்டேன். கேட்காமலே முத்திரையையும் எடுத்துக் குத்தினேன். வெளியே வரும்போது அவன் எனக்கு ஒரு சோடி ரப்பர் கால்விரிப்பு தந்தான். வானுக்கு உரியது. ஒவ்வொரு தடவை ஆள் கொண்டுபோகும்போதும் இப்படி ஏதாவது தருவான். நல்ல மனிதன் என்று நினைத்தேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு கோப்போடு என் வீட்டுக்கு வந்தாள். மனைவி தேநீர் வைத்தாள். நான் வழக்கம்போலக் கண்ணாடியைத் தேடினேன்.

"நீங்கள் வாசிக்க வேண்டாம் அண்ணை. நான் சொல்லுறன்" என்றாள்.

அந்த மூன்று வருடத்தில் அவள் வேலை முடிந்து வகுப்புக்குப் போய் மொழிப் பரீட்சை பாஸ் பண்ணியிருந்தாள். எனக்குத் தெரியும், ஆனால் அதை நான் பெரிதாக எடுத்திருக்கவில்லை. அவள் சொன்னது இவ்வளவுதான். முதியோர் இல்லத்தில் அவளுடைய வேலை ஒப்பந்தம் தவணை முடிந்து நின்றுபோனது. அடுத்த வேலை கிடைக்க மூன்று மாதம் ஆனது. காப்புறுதிக்காரருக்கு எழுதினாள். தவணை முடிவதை வேலை இழப்பாகக் கணக்கெடுக்க முடியாது, ஒரு சதமும் தரமாட்டோம் என்று பதில் வந்தது. தவணை ஒப்பந்தக்காரிக்கு அந்தக் காப்புறுதி முதல் நாளிலிருந்தே உதவாதது. உன் வேலை நிரந்தரமா என்று விற்பனையாளன் கேட்கவேயில்லை. தாளில் மட்டும் நிரந்தரம் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டிருந்தான். இதற்கிடையில் இரண்டு மாதக்காசு நின்றுபோய், கடனை முறித்துக் காரை எடுப்போம் என்று வங்கி எழுதியிருந்தது. இப்போது அவள் வீடுவீடாகப் போய் நோயாளரைப் பராமரிக்கிற வேலையில் இருந்தாள். கார் போனால் அந்த வேலையும் போய்விடும்.

"நுகர்வோருக்கு ஆலோசனை சொல்லுற இடத்துக்குப் போனனான். பொருந்தாததை வித்திருக்கினம், முழுக்காசையும் திருப்பிக் கேட்கலாம் எண்டு சொல்லிச்சினம். வங்கியைக் கேட்டனான். அதுக்கு வந்த பதில் இது."

ஒரு தாளை மேசையில் வைத்தாள். அடியில் என் கையெழுத்தும் முத்திரையும்.

"தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலம் வாடிக்கையாளருக்கு எல்லாம் முழுமையா விளங்கப்படுத்தப்பட்டது எண்டு எழுதியிருக்கினம். முத்திரையைப் பார்க்கட்டாம்."

மனைவி எட்டிப் பார்த்தாள். "எட, இது எங்கட துடைக்கிற கம்பனி முத்திரையல்லோ!"

"நீ பேசாமல் இரு" என்றேன்.

"நான் ஏன் பேசாமல் இருக்க? நீங்கள் அண்டைக்குப் பேசாமல் இருந்திருந்தால் போதுமே."

தங்கச்சி சிரிக்கவில்லை. அன்று நடந்ததை எழுதி, கையெழுத்திட்டுத் தரவேண்டும் என்றாள். நான் உடனே சம்மதித்தேன். விற்பனையாளன் கட்டாயம் என்று சொன்னான் என எழுதுவோம் என்றேன்.

"அவன் அப்பிடிச் சொல்லேல்லையே அண்ணை. நான் உங்களைத்தான் கேட்டனான். நீங்கள்தான் சொன்னனீங்கள்."

"எழுதினால் யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். அவன் மறுத்தால் பிறகு நான் எழுதினது முழுக்கப் பொய் எண்டு வரும். அது ஏலாது."

அவள் ஏற்கனவே என் பெயரில் எழுதிக் கொண்டுவந்த கடிதத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்: நான் ஏழாம் வகுப்பு வரை படித்தேன். எந்த மொழிப் பரீட்சையும் எழுதவில்லை. விற்பனையாளர் சொன்னதில் பெரும்பகுதி எனக்கு விளங்கவில்லை. காப்புறுதி விருப்பத்துக்குரியது என்று நான் வாடிக்கையாளருக்குச் சொல்லவில்லை. கட்டாயமா என்று அவர் கேட்டபோது, விற்பனையாளரிடம் கேட்காமல் நானே ஆம் என்றேன்.

ஏழாம் வகுப்பு எனக்குப் பிரச்சினை இல்லை என்று முன்பே சொன்னேன். ஆனால் அதை நான் சொல்லும்போது அடுத்த வரியில் மூன்று வான்கள் வரும். இந்தக் கடிதத்தில் வரவில்லை.

"எனக்கு ஒரு கம்பனி இருக்குது எண்டும் போடு."

"அது தேவையில்லை அண்ணை."

"ஒன்பது பேருக்கு வேலை குடுக்கிறன் எண்டு?"

"அண்ணை, நீங்கள் கெட்டிக்காரன் எண்டு எழுதினால் எனக்குக் காசு வராது."

கடிதத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். புதன்கிழமை வரை சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மனைவி அதன்மேல் எதையும் வைக்கவில்லை. தூசு தட்டும்போதும் அதைச் சுற்றித்தான் தட்டினாள். நாற்பது வருடமாக இந்த நாட்டில் நான் தெரியாது என்று சொல்லி எதையும் பெற்றதில்லை. தெரியும் தெரியும் என்று சொல்லித்தான் ஒவ்வொரு வேலையையும் பிடித்தேன். கண்ணாடி துடைக்கத் தெரியுமா என்று முதல் வாடிக்கையாளர் கேட்டபோது தெரியும் என்றேன். அன்று பின்னேரம்தான் எப்படித் துடைப்பது என்று பார்த்தேன். அது பிழையாய்ப் போனால் ஜன்னலில் கோடு விழும், இன்னொருமுறை துடைக்கலாம். இவளுடைய கார் அப்படி இல்லை. புதன்கிழமை காலை, வானில் போகும்போது, ஐந்தரை மணிக்கு அவளுடைய சிவப்புக் கார் எனக்கு முன்னால் சிக்னலில் நின்றது. பின் இருக்கையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரோ தெரிந்தவர் வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள் போல. பச்சை விழுந்தது. போய்விட்டாள்.

அன்று மாலையே கையெழுத்துப் போட்டேன். சிறிதாகத்தான் போட்டேன். அவளை வரச்சொல்லிக் கடிதத்தைக் கொடுத்தேன்.

"முத்திரை வேண்டாம்தானே?" என்று கேட்டேன்.

"இந்தமுறை கட்டாயம் குத்துங்கோ. அதில கட்டடத் துப்புரவு எண்டு தெளிவா இருக்குது. அவை அதை வாசிக்கட்டும்."

குத்தினேன். மை நன்றாகப் படிந்தது.

ஐந்து வாரத்தில் வங்கியிடமிருந்து பதில் வந்தது. தங்கள் மேல் எந்தப் பிழையும் இல்லையாம். ஆனாலும் நல்லெண்ணத்தின் பேரில் காப்புறுதிக் காசு முழுவதையும் அதன் வட்டியோடு கடனில் கழிக்கிறார்களாம். நின்றுபோன இரண்டு மாதக்காசும் அதிலேயே தீர்ந்தது. கார் அவளிடமே இருந்தது. நான் கையெழுத்திட்ட ஜெர்மன் கடிதங்களுக்குள் இவ்வளவு விரைவாகப் பலித்தது வேறொன்றுமில்லை.

அவள் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். ஒரு கலியாண மண்டபத்தில், சாப்பாட்டு நேரம், கால்விரிப்பில் தொடங்கி, என் கடிதத்தைக் கண்டு ஒரு வங்கியே இறங்கி வந்த கதையைச் சொன்னேன். அந்த மேசையில் அவளுக்குப் பிறகு நான் அதே கார்க்கடைக்குக் கூட்டிப் போனவர்கள் மூன்று பேர் இருந்தார்கள் என்பது பாதிக் கதையில்தான் எனக்குத் தெரிந்தது. மூவரும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

"அப்ப அண்ணை, எங்கட தாளிலயும் உந்த முத்திரைதானோ?"

"இருக்கும்."

"அண்ணைக்குக் கால்விரிப்பு, எங்களுக்குக் காப்புறுதி!" என்றான் ஒருவன். மேசை முழுக்கச் சிரித்தது. அதிகம் சிரித்தது என் மனைவி. அந்தக் கால்விரிப்பை ஒவ்வொரு வாரமும் கழுவுகிறவள் அவள்தான்.

அடுத்த ஞாயிறு மூவரும் கோப்புகளோடு வந்தார்கள். தங்கச்சி என் மேசையில் இருந்து கேள்வி கேட்டுக் கேட்டு எழுதினாள். அவர்களில் ஒருவனுக்கு அந்தக் காப்புறுதி பொருத்தமாகத்தான் இருந்தது. அவனைப் பேசாமல் வைத்திருக்கச் சொன்னாள். மற்ற இருவருக்கும் கடிதம் எழுதினாள். இரண்டிலும் ஏழாம் வகுப்பு வந்தது, மூன்று வான்கள் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன், முத்திரை குத்தினேன். ஒருவனுக்குக் காசு வந்துவிட்டது. மற்றவனும் வங்கியும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லோரும் போனபிறகு அவள் என் வான்களின் தாள்களையும் கேட்டாள். மூன்றிலும் அந்தக் காப்புறுதி இருந்தது. சொந்தத் தொழில் செய்கிறவனுக்கு வேலையின்மைப் பகுதி செல்லாது என்று சின்ன எழுத்தில் மூன்றிலும் இருந்தது. இரண்டு கடன் எப்போதோ முடிந்துவிட்டது. மூன்றாவதன் காப்புறுதியை முறித்ததில் முந்நூறு யூரோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. இதை நான் எந்த மண்டபத்திலும் சொல்லவில்லை.

போன மாதம் பழைய வான் ஒன்றின் அடித்தகடு துருப்பிடித்துவிட்டது. இன்னொன்று வாங்க அதே கடைக்குப் போனேன். விற்பனையாளன் எழும்பிக் கைகொடுத்தான். கோப்பி வந்தது. தாள்களைத் திருப்பிக்கொண்டு போனவன் அந்தப் பக்கம் வந்ததும் நின்று பேசத் தொடங்கினான். நான் குசினி ஜெர்மனில், கடை முழுக்கக் கேட்க, "இது கட்டாயமோ?" என்றேன்.

"இல்லை" என்றான்.

பதில் சொல்ல அவனுக்கு ஒரு நொடிதான் ஆனது. அந்தப் பக்கத்தை எடுத்து ஒரு ஓரத்தில் வைத்தான். மற்றவற்றில் கையெழுத்துப் போட்டேன். வெளியே வரும்போது கால்விரிப்பு இல்லையா என்று கேட்டேன். நாற்பத்தைந்து யூரோ என்றான். வாங்கவில்லை. பழையதைக் கழற்றிப் புதிய வானில் போட்டிருக்கிறேன். நல்ல ரப்பர்.